டி எப்படி எச் ஆனது: தோட்டத்து டிரஸ்ஸர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெகிரி செம்பிலான் தோட்ட மருந்தகங்களில் பணிபுரியும் அண்ணன்மார்களே, தங்கைமார்களே,

‘மாத்தா மாசோக் ஹாபோக்.’ கண்ணில் தூசி விழுந்துவிட்டது. நீங்கள் மருத்துவமனைக்கு எழுதி அனுப்பும் துண்டுச் சீட்டுகளில் நான் அதிகம் படித்த மூன்று சொற்கள் இவைதாம். சில சீட்டுகளில் அதுகூட இருக்காது. ‘மாத்தா மேரா’, கண் சிவப்பு, அவ்வளவுதான். கீழே கையெழுத்து, முத்திரை, தேதி. முத்திரை மட்டும் எப்போதும் தெளிவாக விழுந்திருக்கும்.

நான் டாக்டரும் இல்லை, தாதியும் இல்லை. இந்த மாநிலத்து அரசு மருத்துவமனை ஒன்றில் பதிவேட்டுப் பிரிவில் 31 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். நோயாளி குணமாகியோ ஆகாமலோ வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கோப்பு என் மேசைக்கு வரும். டாக்டர் எழுதியதைப் படித்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் தடித்த புத்தகத்தைப் புரட்டி, அந்த நோய்க்குரிய எழுத்தையும் எண்ணையும் கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. அதை ஐசிடி குறியீடு என்போம். நம் நாடு பத்தாம் பதிப்பைப் பின்பற்றியது. சுகாதார அமைச்சின் கணக்குக்குப் போவது நோயாளியின் பெயரல்ல, நான் எழுதிய அந்த எழுத்தும் எண்ணும்தான். நான் தப்பாக எழுதினால் நாட்டில் ஒரு நோய் கூடும், ஒரு நோய் குறையும். ஆனால் நான் எதை எழுதுவது என்பதைப் பெரும்பாலும் முதல் சீட்டை எழுதியவர் முடிவு செய்துவிடுகிறார். அதாவது நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதம் டாக்டர்களுக்கு இல்லாமல் உங்களுக்கு.

உங்கள் பதவியின் பெயர் சட்டப்படி தோட்ட மருத்துவமனை உதவியாளர். 1965-ஆம் ஆண்டிலேயே உங்களைப் பதிவு செய்வதற்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆனாலும் தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் நீங்கள் டிரஸ்ஸர்தான். நானும் அப்படியே அழைக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தச் சொல்லோடுதான் நான் வளர்ந்தேன்.

நான் பிறந்தது சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில். இப்போது அங்கே நிற்பது செம்பனை. லயம் இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது. எங்கள் லயத்தில் கண்ணில் தூசி விழுந்தால் முதல் வைத்தியம் பாட்டியின் முந்தானை. அதை உருண்டையாகச் சுருட்டி, வாயருகே பிடித்து ‘ஹா’ என்று சூடாக ஊதி, மூடிய இமைமேல் ஒத்துவார். அடுத்தது, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் யாராவது இருந்தால் இரண்டு சொட்டுத் தாய்ப்பால். அதற்கும் மசியாவிட்டால் கடைசி லயத்துக் கிழவி ஒருவர் இருந்தார். நாக்கு நுனியால் கண்ணைத் துழாவி, உள்ளே கிடந்த துணுக்கை எடுத்துத் தன் உள்ளங்கையில் துப்பிக் காட்டுவார். எடுத்தார் என்பதை நானே பார்த்திருக்கிறேன். வெற்றிலை மென்ற வாயிலிருந்து என்னென்ன உள்ளே போயின என்று அன்று யாரும் கேட்கவில்லை.

என் அப்பாவுக்கு ஒருமுறை மரம் சீவும்போது பட்டைத் துணுக்கு கண்ணில் விழுந்தது. கிழவியிடம் போக மாட்டேன் என்று நேராகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனார், நான் பின்னாலேயே. டிரஸ்ஸர் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, ‘காலைப் பாரும்’ என்றார். அப்பா குனிந்து தன் கால்விரலைப் பார்க்க, தீக்குச்சி ஒன்றை மேல் இமைமேல் குறுக்கே வைத்து, இமை மயிரைப் பிடித்துச் சட்டென்று மேலே மடக்கினார். உள்பக்கம் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. நடுவில் மிளகுத் தூள் அளவுக்குக் கருப்பாக ஒரு புள்ளி. ஈரப் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரே இழுப்பு. முடிந்தது. பிறகு மேசைக்குப் போய்ப் பெரிய பேரேட்டைத் திறந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். பள்ளியில் ஆங்கிலம் எழுத்துக் கூட்டும் வயது எனக்கு. பெயர், பிரட்டு (ஆள்பதிவு) எண், வலது கண், மேல் இமைக்கு அடியில் ரப்பர்ப் பட்டை, மரம் சீவும்போது, காலை மணி 8, எடுத்தாயிற்று. ஒரே வரி.

பின்னாளில் குறியீட்டுப் பயிற்சிக்குப் போனபோதுதான் அந்த வரியின் அருமை தெரிந்தது. அதில் இல்லாத எதையும் புத்தகம் கேட்பதில்லை.

கண்ணில் அந்நியப் பொருள் என்றால் புத்தகத்தில் டி15 என்ற பிரிவு. அதற்குள் நான்கு அறைகள். கருவிழியில் குத்தியிருந்தால் டி15.0. இமைக்கும் விழிக்கும் நடுவே, வெண்படலப் பையில் கிடந்தால் டி15.1, அப்பாவுக்கு இதுதான். வேறு இடம், அல்லது பல இடம் என்றால் டி15.8. எங்கே என்று எழுதப்படாவிட்டால் டி15.9. இந்த ஒன்பது புத்தகம் முழுக்க வரும். எங்கே வந்தாலும் பெரும்பாலும் ஒரே பொருள்: எழுதியவர் சொல்லவில்லை, படித்தவருக்குத் தெரியவில்லை. என் தாத்தா காலத்து மலாயாவில் தோட்டத்துச் சாவுகளைக் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதி மூடிய கணக்குகள் ஏராளம். மலேரியாவா, டைபாய்டா, வேறா, யாருக்குத் தெரியும். அந்தக் காய்ச்சலின் பேரன்தான் இந்த ஒன்பது.

‘மாத்தா மாசோக் ஹாபோக்’ எனக்குத் தந்தது டி15.9. அதாவது பட்டதாரிப் பெண் ஒருத்தி பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது கண்ணில் பறந்து விழுந்த தூசியும், முப்பது அடி மரத்தடியில் அண்ணாந்து நின்றவர் கருவிழியில் குத்திய மட்டைச் சிராயும் என் கணக்கில் ஒன்று.

செம்பனைக் காட்டை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் சிரம்பானில் மேசை முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விளக்கிப் பார்த்து அலுத்தவன் நான். ரப்பரில் சீவுகிறவன் கை நெஞ்சு மட்டத்தில் ஓடும். செம்பனை வளர்ந்துவிட்டால் காலா என்ற நீண்ட கழியின் நுனியில் சாபிட் என்ற வளைந்த அரிவாளைக் கட்டி, தலைக்கு மேலே, முகத்துக்கு நேர் எதிரே வெட்ட வேண்டும். அண்ணாந்து பார்க்காமல் குலையின் காம்பு தெரியாது. முதலில் மறைக்கும் மட்டையை அறுக்க வேண்டும், பிறகு குலையை. மட்டை அசையும்போதே மழை தொடங்கிவிடும்: மட்டைக் கக்கத்தில் சேர்ந்த மக்கு, பாசித் தூள், எறும்பு, எலிப் புழுக்கை, காய்ந்த ஆண்பூவின் பொடி, மட்டை ஓரத்து முள்ளின் சில்லு. மகரந்தச் சேர்க்கைக்காக 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து நம் செம்பனைகளில் விட்ட சின்ன மூக்குவண்டு இருக்கிறதே, அதுவும் பூவோடு சேர்ந்து கொட்டும். அது வந்த பிறகு கையால் பூத்தூள் தூவும் வேலை போயிற்று, விளைச்சல் கூடிற்று. கண்ணில் விழுகிற பொருள்களின் பட்டியலிலும் ஒன்று கூடிற்று.

கண்ணாடி போடவில்லையா என்று கேட்பார்கள். கொடுக்கிறார்கள். காலை ஒன்பது மணி வேர்வையில் பத்து நிமிடத்தில் ஆவி படிந்துவிடும். குலை தெரியாமல் காலாவை ஆட்டினால் விழுவது தூசியாக இருக்காது, இருபது கிலோ குலையாக இருக்கும். அதனால் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிடுகிறது. கம்பி வலைக் கண்ணாடியில் ஆவி படியாது, தூள் நுழையும். இரண்டில் எது தேவலாம் என்பதை வெட்டுகிறவர்களைக் கேட்டு வாங்கியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். வாங்குகிறவர் ஒருவர், போடுகிறவர் வேறொருவர்.

புல்வெட்டி இயந்திரம் தெறிக்கவிடும் கல் வேறு சாதி. சாபிட்டைத் தீட்டும் சக்கரத்திலிருந்து பறக்கும் இரும்புப் பொறி இன்னொன்று. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். இரும்புத் துகள் கருவிழியின் மேல் தங்கினால் ஒரு நாளுக்குள் துருப்பிடித்து அதைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும். அது டி15.0. அதே துகள் வேகமாக வந்து விழிக்குள் பாய்ந்துவிட்டால் அது டி15 ஆகவே ஆகாது, எஸ்05.5: அந்நியப் பொருளோடு கூடிய ஊடுருவல் காயம். வெளியிலிருந்து பார்த்தால் சில சமயம் ஊசிமுனை அளவுக்குத்தான் தெரியும். வலியும் பெரிதாக இருக்காது. ‘ஹாபோக்’ என்று எழுதி, மருந்துவிட்டு, ‘நாளைக்கு வேலைக்குப் போ’ என்று அனுப்பிவிடலாம். உள்ளே கிடக்கும் இரும்பு மெதுவாக விழித்திரையைத் தின்னும். பழையதாகி உள்ளேயே தங்கிவிட்ட பொருளுக்கு எச் வரிசையில் இரண்டு எண்கள். காந்தத்தில் ஒட்டும் பொருள் என்றால் எச்44.6, ஒட்டாது என்றால் எச்44.7. ஒரு குமாஸ்தாவின் புத்தகம் இரும்பா, கல்லா, மரமா என்று கேட்கிறது பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் டாக்டரிடம் இருக்காது, ஸ்கேனிலும் எப்போதும் இருக்காது. ‘சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன் ஐயா’ என்று அந்த ஆள் உங்களிடம்தான் சொல்லியிருப்பார்.

பொருள் இல்லாமல் வெறும் கீறல் மட்டும் இருந்தால் எஸ்05.0. மருந்தடிக்கும்போது களைக்கொல்லி தெறித்தால் அது அந்நியப் பொருளே இல்லை; கருவிழி, வெண்படலத்தின் அரிப்புக் காயம், டி26.6. மருந்தடிக்கும் வேலையில் நம் பெண்கள்தாம் அதிகம் இருந்தார்கள். பாராகுவாட்டை இந்த நாடு 2002-இல் தடை செய்து, 2006-இல் தடையைத் தளர்த்தி, 2020 சனவரி முதல் நாள் மறுபடி தடை செய்தது. நடுவில் எத்தனை கண்களில் அது தெறித்தது என்று தேட வந்தவருக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்த பக்கங்களில் ‘மாத்தா மேரா’தான் நிறைய.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். இதில் எனக்கும் பங்கு உண்டு.

பழம் வெட்டுகிறவர் ஒருவர், ஐம்பதைத் தாண்டிய வயது, இடது கண்ணில் வெள்ளை விழுந்து வார்டில் சேர்ந்தார். கருவிழிப் புண். சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை. கோப்பின் முதல் தாளாக டிரஸ்ஸர் சீட்டு இருந்தது: ‘மாத்தா மேரா.’ சீட்டின் தேதிக்கும் வார்டில் சேர்ந்த தேதிக்கும் நடுவே ஒன்பது நாள். இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு ‘கண் சிவந்து ஒன்பது நாள்’ என்று வரலாற்றை முடித்துவிட்டார். மூன்று வாரம் கழித்து ஆள் வீட்டுக்குப் போனார், கோப்பு எனக்கு வந்தது. நான் எச்16.0 என்று எழுதினேன். கருவிழிப் புண். எழுதியது தப்பில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அவர் மகள் எங்கள் முகப்புக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாரம். அப்பாவுக்கு மட்டை விழுந்துதான் கண் போனது, வேலையிடத்து விபத்து என்று கேட்டிருக்கிறோம், மருத்துவ அறிக்கை வேண்டும் என்றார். கோப்பை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மட்டை என்ற சொல் எங்கும் இல்லை. தூசி என்ற சொல்கூட இல்லை. தோட்டத்து வருகைப் பதிவோ, அந்த ஒன்பது நாளில் ஏழு நாள் அவர் வேலைக்கு வந்ததாகச் சொல்கிறது. வந்திருக்கிறார்; ஒற்றைக் கண்ணோடு வெட்டியிருக்கிறார், எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு கிடைக்காததால். ‘அப்பா டிரஸ்ஸரிடம் சொன்னாராமே, எழுதலையா?’ என்று அந்தப் பெண் கேட்டார். நான் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள் சிவந்த கண்ணோடு தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தால் ஏன் என்று வார்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். என் தட்டில் அன்று நாற்பது கோப்பு. போடவில்லை. அவருடைய விண்ணப்பம் முடிவதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

அந்தக் கண் நடந்து போன வழியைக் குறியீட்டில் சொன்னால் இப்படி வரும். முதல் நாள் டி15.0. சீட்டில் வெறும் சிவப்பு என்று எழுதப்பட்டு எச்10.9, வகை குறிப்பிடாத வெண்படல அழற்சி. ஒன்பதாம் நாள் எச்16.0. ஆறிய பிறகு நடுவில் தழும்பு, எச்17.1. கடைசியில் ஒற்றைக் கண் பார்வை இழப்பு, எச்54.4. புத்தகத்தில் எஸ், டி என்ற எழுத்துகள் 19-ஆம் அத்தியாயம்: காயங்கள். எச் 7-ஆம் அத்தியாயம்: கண் நோய்கள். காயம் என்றால் ஒரு காரணம், ஓர் இடம், ஒரு முதலாளி உண்டு. நோய் என்றால் அது உடம்பின் பாடு. நாள் ஆக ஆக டி எச் ஆகிவிடுகிறது. என் காலத்தில் என் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் வார்டில் படுத்தவர்களின் கோப்புகள். அந்தக் கண்கள் என்னிடம் வரும்போது எச் ஆகித்தான் வந்தன. அவை டி-யாக இருந்தபோது பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அந்தக் காலை ஒன்பதரை மணிக்கு, உங்கள் மேசையில்.

காரணத்தை எழுதவும் புத்தகத்தில் இடம் இருக்கிறது. 20-ஆம் அத்தியாயம், வெளிக் காரணங்கள். கண்ணிலோ மற்ற துவாரங்களிலோ பொருள் நுழைவதற்கு டபிள்யூ44. முள்ளும் கூரிய இலையும் பட்டால் டபிள்யூ60. அடுத்த இலக்கம் இடம்: 0 வீடு, 6 தொழிற்சாலை, 7 பயிர்நிலம். அதற்கும் அடுத்தது அப்போது செய்துகொண்டிருந்த காரியம்: 2 என்றால் கூலிக்கு வேலை. ஆக டபிள்யூ44.72 என்று நான் எழுதினால், வெளிக்காட்டில் சம்பளத்துக்கு வேலை செய்கையில் கண்ணில் பொருள் விழுந்தது என்று ஐந்து குறியில் சொல்லியாயிற்று. எண்ணெய் ஆலையில் என்றால் .62. லயத்து வாசலில் பெருக்கும்போது என்றால் 0-இல் தொடங்கும், சொக்சோவின் வேலையிட விபத்துத் திட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. ஒரே தூசிதான், ஆனால் எந்த இலக்கம் என்பது ஒரு குடும்பத்தின் சோற்றுப் பிரச்சினை. சீட்டில் ‘வெளிக்காடு, பழம் வெட்டும்போது’ என்று நீங்கள் எழுதாதவரை என்னால் 7-ம் போட முடியாது, 2-ம் போட முடியாது. ஊகித்து எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதனால் 9, பக்கத்தில் இன்னொரு 9.

அமெரிக்காக்காரர்கள் இதே பத்தாம் பதிப்பைத் தங்கள் வசதிக்கு இழுத்து நீட்டி 2015 அக்டோபரிலிருந்து பயன்படுத்துகிறார்கள். வாத்து மோதிக் காயம்பட்டால் அதற்கும் அங்கே எண் உண்டு. பயிற்சி வகுப்பில் அதைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் கருவிழியில் பொருள் என்றால் அங்கே வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று, முதல் முறை வருகையா, மறு வருகையா, பிற்காலப் பின்விளைவா என்பதற்குக் கடைசியில் ஓர் எழுத்து. முதலில் காயமாக வந்தது பின்னாளில் தழும்பாக வந்தாலும் அந்தக் கடைசி எழுத்து பழைய காயத்தோடு கயிறு கட்டி வைத்திருக்கும். அங்கே அது இன்சூரன்ஸ் பணத்துக்காகச் செய்தது, மனிதாபிமானத்துக்காக அல்ல. இருந்தாலும் கயிறு கயிறுதான். நம் புத்தகத்திலும் கண் காயத்தின் பின்விளைவுக்கு டி90.4 என்று ஓர் எண் இருக்கிறது. 31 ஆண்டுகளில் அதை நான் எழுதிய தடவைகளை விரல் விட்டு எண்ணலாம். வலதா இடதா என்று நம் புத்தகம் கேட்பதில்லை. ஆனால் சொக்சோ கேட்கும், நீங்கள் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே ஒரு கண் மங்கியவருக்கு மிச்சமிருந்த கண்ணில் மட்டை விழுந்திருக்கலாம்.

இன்னொரு தகவல் நீங்கள் எழுத வேண்டியது, நேரம். இதை வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. நேப்பாளத்தின் பக்தபூரில் 1990-களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கண்ணில் காயம்பட்டவர்களைக் கிராமத்துத் தொண்டர்கள் உள்ளூர்க் கண் மையங்களுக்கு அனுப்பினார்கள்; அங்கே கருவிழியில் கீறல்பட்டவர்களுக்குக் குளோரம்பெனிக்கால் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள் போட்டார்கள். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. 24 மணி நேரம் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வந்தது. அந்தக் கண்களை முதலில் கண்டு அனுப்பியவர்கள் உங்களைப் போன்றவர்கள். அந்தக் களிம்பு உங்கள் அலமாரியிலும் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-இல் மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைக் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்னால் ஒரு கண் காயம் இருந்தது. பெரும்பாலோர் வயலில் வேலை செய்தவர்கள். பூஞ்சையில் அதிகம் கண்டது பியூசேரியம். மண்ணிலும் செடியிலும் வாழ்கிற அது ஈரமும் வெப்பமும் இருந்தால் போதும், நம் காட்டுக்கும் பாஸ்போர்ட் இல்லாமல் வரும். அந்த எண்ணிக்கை எப்படிக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். ‘முன்னாடி கண்ணில் ஏதாவது பட்டுச்சா?’ என்று யாரோ ஒருவர் 434 தடவை கேட்டு, 434 தடவை எழுதியிருக்கிறார்.

(சிவந்த கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து போடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இரண்டு நாள் சிவப்பு வடியும், ஆள் மகிழ்ச்சியாக வேலைக்குப் போவார், பூஞ்சை அதைவிட மகிழ்ச்சியாக வளரும். இது என் வேலை இல்லை, ஆனாலும் கோப்புகளில் பார்த்ததைச் சொல்கிறேன்.)

உங்கள் சங்கடமும் எனக்குத் தெரியும். சம்பளம் தோட்டத்துது. நீங்கள் ‘வேலையில் பட்ட காயம்’ என்று எழுதினால் ஆபீஸ் கிராணிக்கு வேலை கூடும். சொக்சோவுக்கு முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நான்கு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் தொழிலியல் பாதுகாப்பு இலாகாவுக்கும் 2004-ஆம் ஆண்டு விதிப்படி தகவல் போக வேண்டும். ஆண்டு முழுவதற்குமான பதிவு, அதே இலாகாவின் ஜேகேகேபி 8 பாரம், சனவரி 31-க்குள் கொடுக்க வேண்டும். விபத்தில்லாத நாள்கள் இத்தனை என்று வாசலில் பச்சைப் பலகை மாட்டியிருக்கும் தோட்டங்களில் அந்த எண்ணை அழித்து மறுபடி சுழியத்திலிருந்து தொடங்க யாருக்கும் பிடிக்காது. அதனால் இரண்டு நாள் எம்.சி., அல்லது ‘லேசான வேலை’. தற்காலிக முடத்துக்கான சொக்சோ தொகை, சராசரி நாள் கூலியில் நூற்றுக்கு 80, குறைந்தது நான்கு நாள் எம்.சி. இருந்தால்தான். இரண்டு நாள் சீட்டில் இரண்டு கதவு ஒரே சமயத்தில் சாத்தப்படுகிறது. எத்தனை நாள் தருவது என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது எம்.சி. நாளை அல்ல. என்ன விழுந்தது, எப்போது, எங்கே என்ற மூன்றை மட்டும். அதை எழுத வேண்டாமென்று எந்த மானேஜரும் எழுத்தில் சொல்ல மாட்டார்.

வெட்டுகிறவர்களில் இன்று நம் ஆட்கள் குறைவு. பகாவ், ரொம்பின் பக்கம் போனால் லொம்போக்காரர், வங்காளதேசத்தவர், நேப்பாளி. அவர்களும் 2019 சனவரியிலிருந்து சொக்சோவின் வேலையிட விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு வங்காளம் தெரியாது, அரைகுறை மலாயில் ‘மாத்தா சாகிட்’ என்றுதான் சொல்வார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் நம் பாட்டன்மார் துரையின் டிரஸ்ஸரிடம் கைகாட்டிக் காட்டித்தான் வலியைச் சொன்னார்கள். இன்று உங்கள் முன் நிற்கிறவர் மேலே கையைக் காட்டினால் அது கடவுளை அல்ல, மட்டையை.

கணினி வந்துவிட்டது, இனி இதெல்லாம் தானாக நடக்கும் என்று சொல்வார்கள். பதினோராம் பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்து, ஒவ்வொரு நாடாக மாறிக்கொண்டிருக்கிறது. காரணத்தையும் இடத்தையும் கோத்துக்கொண்டே போக அதில் வசதி அதிகம். நல்லது. ஆனால் நான் ஓய்வு பெறும் முன் பார்த்த திரையில் ‘கண்’ என்று தட்டினால் கீழே விழும் பட்டியலில் முதலாக நின்றது ‘குறிப்பிடப்படாதது’. அவசரத்தில் இருக்கிற விரல் முதல் வரியைத்தான் தொடும்.

பழைய டிரஸ்ஸரின் பேரேடு என்ன ஆனது என்று ஒருமுறை விசாரித்தேன். தோட்டம் கைமாறியபோது ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இடித்தார்களாம், தாள்களைப் பழைய பேப்பர்காரன் எடுத்துப் போனானாம். என் அப்பாவின் கண் அந்த மூட்டைக்குள் எங்கோ போயிற்று. நல்லவேளை, மனிதர் எழுபத்தெட்டு வயதிலும் கண்ணாடி இல்லாமல் நாளிதழ் படித்தார்.

சீட்டு எப்படி இருந்தால் என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாவுக்குப் போதும் என்பதற்கு மாதிரி ஒன்று கீழே. உங்கள் மலாயிலேயே எழுதியிருக்கிறேன், இரண்டு வரிக்கு மேல் இல்லை:

‘மாத்தா கிரி. செர்பிஹான் பெலெப்பா டி கோர்னியா. ஜாம் 9.30 பாகி, செமாசா போத்தோங் பூவா, டி லாடாங். பெலும் டாப்பாட் கெலுவார்.’

இடது கண். கருவிழியில் மட்டைச் சிராய். காலை 9.30, பழம் வெட்டும்போது, தோட்டத்தில். இன்னும் எடுக்க முடியவில்லை.

இதைப் படித்தவுடன் நான் எழுதியிருப்பேன்: டி15.0, டபிள்யூ44.72.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பதிவேட்டுக் குமாஸ்தா,
ஒரு மரம் சீவியவரின் மகன்,
நெகிரி செம்பிலான்.